கிழங்கும் மீனும் இருக்கட்டும், எடையும் குறையட்டும்

கேள்வி:

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 44, உயரம் 156 செ.மீ. திருவனந்தபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ரயிலில் போய்வருகிறேன். காலை ஆறரை மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். போன மே மாதம் என் எடை 78 கிலோ. அரிசி, கிழங்கு, தேங்காய் மூன்றையும் அடியோடு நிறுத்தினேன். காலையில் ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும், இரவில் சூப். அதிகாலையில் ஒரு மணி நேர நடை. செப்டம்பர் கடைசியில் 69 கிலோ ஆனேன். அதன் பிறகு இரண்டு மாதம் எடை அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எல்லோரும் கிழங்கும் மீனும் சாப்பிடும்போது நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். டிசம்பரில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். அதையொட்டிக் கிறிஸ்துமஸ், நாத்தனார் மகள் கல்யாணம். எல்லாம் விட்டுப்போயிற்று. இப்போது மாலையில் தம்பானூர் ஸ்டேஷனில் இரண்டு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) சாப்பிடாமல் ரயில் ஏற முடிவதில்லை. எடை 75. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று தோன்றுகிறது. கல்யாணத்தின்போது நான் 55 கிலோ. எப்படியாவது அந்த எடைக்குப் போக வேண்டும். தவக்காலத்தின் 40 நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு மறுபடி தொடங்கலாமா? குடம்புளி மாத்திரை, எடை குறைக்கும் ஊசி இவற்றால் பலன் உண்டா? எப்படித்தான் விடாமல் தொடர்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஆகவே முதலில் உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 78-ல் ஆரம்பித்து இன்று 75-ல் நிற்கிறீர்கள். 3 கிலோ குறைவு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. திரும்ப வந்த 6 கிலோவிலும் முழுவதும் கொழுப்பு என்று எண்ண வேண்டாம். அரிசியையும் கிழங்கையும் நிறுத்தும்போது ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்து வெளியேறுகிறது. மே மாதத்தின் முதல் பத்து நாளில் எடை மளமளவென்று இறங்கியிருக்குமே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். மறுபடி சோறு சாப்பிட்டதும் அதே தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. டிசம்பரில் எந்திரத்தில் ஏறி நின்று நீங்கள் பயந்த அந்த முதல் ஒன்றிரண்டு கிலோவுக்குக் காரணம் இதுதான்.

மனக்கட்டுப்பாடு போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். விடிவதற்கு முன் எழுந்து ஒரு மணி நேரம் நடந்து, வீட்டுக்குச் சமைத்துவைத்து, ரயிலைப் பிடித்து, வெள்ளரிக்காயோடு நாளை ஓட்டி, இதை ஏழு மாதம் செய்த ஒருவரிடம் அந்தக் குறையை என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் திட்டத்தில்தான் குறை இருந்தது. வீட்டில் யாருக்கும் நோயில்லாத, விருந்தில்லாத, ரயில் தாமதமாகாத நாட்களை மட்டும் மனதில் வைத்து அது போடப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட நாட்கள் வருஷத்தில் எத்தனை வரும்? இனிப் போடும் திட்டத்தை டிசம்பர் மாதத்தை மனதில் வைத்துப் போடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கல்யாண வீட்டிலும் எது நிற்குமோ, அதுதான் அடித்தளம். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவது.

அக்டோபரில் எடை நின்றுபோனதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது அந்த இடத்தில்தான். 9 கிலோ குறைந்த உடம்புக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் கலோரியும் குறைகிறது. கூடவே பசி ஏறுகிறது. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் செலவாகும் சக்தி நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. சாப்பிடத் தூண்டும் பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. 9 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மே மாதத்தில் போதுமாக இருந்த அதே சூப் அக்டோபரில் போதாமல் போனது இதனால்தான். 2011-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து மருத்துவர்கள், எடை குறைத்தவர்களின் ரத்தத்தில் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்களை அளந்தார்கள். பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாடு முடிந்து ஒரு வருஷம் கழித்தும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைகுறை உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு, எரிச்சலும் சோர்வுமாக இருந்தார்கள். சோதனை முடிந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டும் வெகுநாள் பலருக்குப் பசி அடங்கவில்லை. தாமாக முன்வந்த, மனவுறுதி மிக்க இளைஞர்களின் கதி இது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வாசனைக்குப் பயந்து நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டதைப் படித்தபோது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இனி அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். அதற்குச் சாப்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

1956 நவம்பர் முதல் தேதி உங்கள் பக்கத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அடுப்படி மட்டும் இன்றுவரை எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சாளை, அயிலை மீன்கள், சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய்ப் பொரியல்). எடை குறைக்க வருகிறவர்கள் முதலில் கைவிடுவது இந்தச் சாப்பாட்டைத்தான், பதிலுக்கு ஓட்ஸ் பாக்கெட் வீட்டுக்குள் வருகிறது. ஓட்ஸில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க ஓட்ஸ் சாப்பிட நீங்கள் தயாரா? இல்லையென்றால் ஏழு மாதத்துக்கு மட்டும் அதைப் பழகி என்ன பயன்?

கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது இந்தச் சீமையின் ஏழை வீடுகளைக் காப்பாற்றியதும் அதுதான். அதைப் பகையாகப் பார்க்க எனக்கு மனம் வராது. அதே சமயம் அதன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. கிழங்கு மட்டும் என்றால் பரவாயில்லை. நம் வீடுகளில் கிழங்கு தின்று முடித்த பிறகு 'கொஞ்சம் சோறும்' வருகிறதே, எடை அங்கேதான் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிழங்கு என்றால் அன்று அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். அவித்த கிழங்கு ஒரு டம்ளர் அளவு, அதைவிட அதிகமாக மீன், பக்கத்தில் ஏதாவது ஒரு காய். மீன் குழம்பாக இருக்கட்டும், பொரித்தது வேண்டாம். எல்லோரோடும் உட்கார்ந்து, மெதுவாக, ருசித்துச் சாப்பிடுங்கள்.

மற்ற நாட்களின் மதிய டப்பாவை இப்படிக் கட்டிப் பாருங்கள். அடித்தட்டில் வெந்த சம்பா அரிசிச் சோறு ஒரு டம்ளர், ஏறக்குறைய 150 கிராம். ஆரம்பத்தில் ஒரு வாரம் டம்ளரால் அளந்து போடுங்கள். பிறகு கண்ணே அளவு சொல்லும். நடுத்தட்டு முழுக்கக் காய்: முட்டைக்கோஸ், அவரை, கீரை, எது கிடைக்கிறதோ அது துவரனாக. தேங்காயை நிறுத்த வேண்டியதில்லை, ஒருவருக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டித் துருவல் போதும். தேங்காய் அரைத்த குழம்பு வைக்கும் நாளில் துவரனுக்குத் தேங்காய் போடாதீர்கள். மேல்தட்டில் மீன், அல்லது இரண்டு முட்டை, அல்லது கெட்டியாக வேகவைத்த சிறுபயறு. நான் அதிகம் வற்புறுத்துவது இந்த மேல்தட்டைத்தான். நீங்கள் எழுதிய ஓட்ஸ், சப்பாத்தி, சூப் மூன்றையும் கூட்டினால் புரதம் மிகக் குறைவு. அதனால் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும், பசியும் சீக்கிரம் திரும்பியிருக்கும். சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால் நாளுக்கு 60 கிராம் புரதத்தைக் குறிவையுங்கள். நடுத்தரச் சாளை நான்கைந்து சேர்ந்தால் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6, உலர்ந்த பயறு 50 கிராமில் 12. சாளை விலை கூடியிருக்கும் நாளில் பயறு கைகொடுக்கும். இரவில் சூப்புக்குப் பதில் கஞ்சியும் பயறும் ஒரு துவரனும் இருந்தால், பத்து மணிக்கு மேல் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறக்கத் தோன்றாது.

பழம்பொரி விஷயத்துக்கு வருகிறேன். மதியம் ஒரு மணிக்கு இரண்டு சப்பாத்தி, பிறகு மாலைவரை எதுவும் இல்லாமல் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வருகிற ஒருவரின் முன்னால் சுடச்சுடப் பழம்பொரி இருந்தால் கை நீளத்தான் செய்யும். அந்த இடத்தில் நின்று மனதோடு போராட வேண்டாம். நாலரை மணிக்கு, கடையில் இருக்கும்போதே, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோ காலையில் அவித்து எடுத்துவந்த சுண்டலோ சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள். ஸ்டேஷனுக்கு வரும்போது பசி பாதியாகியிருக்கும். வாரத்தில் ஒருநாள், நீங்களே தேர்ந்தெடுத்த நாளில், ஒரு பழம்பொரி வாங்கி நிதானமாகச் சாப்பிடுங்கள். முற்றிலும் விலக்கினால் அடுத்த கல்யாண வாரத்தில் அது நான்காகத் திரும்பி வரும்.

மோசமான வாரங்களுக்கு இரண்டே காரியம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூன்று வேளையும் தட்டில் ஏதாவது ஒரு புரதம். ஆஸ்பத்திரி கேன்டீனில் அவித்த முட்டையும் கடலைக் கறியும் அனேகமாகக் கிடைக்கும். இரண்டு, ஏதாவது ஒரு வேளை சாப்பிட்ட பிறகு பத்து நிமிட நடை, வராந்தாவிலேயே போதும். ஒரு மணி நேரம் முடியவில்லை என்பதற்காக அந்தப் பத்து நிமிடத்தையும் விட்டதுதான் டிசம்பரில் நடந்தது. லண்டனில் 96 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வொன்று, ஒரு புதிய பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆவதாகக் கண்டது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் பழுதுபடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை பட்டினி கிடந்து பிராயச்சித்தம் தேட வேண்டாம். வழக்கமான காலை உணவு, வழக்கமான டப்பா. அவ்வளவுதான்.

தவக்கால யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நோன்பு உங்கள் விசுவாசத்தைச் சேர்ந்தது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் எடைக் குறைப்பை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். 40 நாள் என்றால் 41-ஆம் நாள் ஒன்று வருகிறது. ஈஸ்டர் அன்று எல்லாம் அவிழ்ந்துவிடும். நாளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, நின்றுகொண்டே ரயிலில் போய்வருவது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும்.

55 கிலோவையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது 44 வயது உடம்பின் எடை இல்லை. முதல் இலக்கு 70. தொடக்க எடையில் பத்து சதவீதக் குறைவு அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டுவலி எல்லாவற்றிலும் பலன் தரக்கூடிய அளவு. மாதத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். 70 வந்ததும் மேலே குறைக்க முயலாமல் ஆறு மாதம் அங்கேயே நில்லுங்கள். நிற்பதும் ஒரு வேலைதான், அதையும் பழக வேண்டும்.

எடை எந்திரத்தில் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் ஏறினால் போதும். கருவாடு சாப்பிட்ட மறுநாளும் மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் தண்ணீர் தங்கி எடை கூடித் தெரியும். அதை நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்பை அளந்து குறித்துவையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் சீர்செய்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை மட்டும் சொல்லும்படி குறையவில்லை. எந்திர முள் அசையாத அந்த இரண்டு மாதமும் உங்கள் உடம்புக்குள் நல்லது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

உங்கள் ரயில் தினமும் நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் போகிறது. அந்தத் தாலுகாவில்தான் கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1,007 பேர், முடிவுகள் வெளியானது 2018-ல். ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் சிறுசிறு குழுக்களாக நடத்தினார்கள். இரண்டு வருஷ முடிவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் சற்றுக் குறைவு என்றாலும் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. பழக்கத்தை மாற்றக் கூட்டாளிகள் வேண்டும் என்ற என் நம்பிக்கைக்கு இது போதும். சீசன் டிக்கெட்டில் ஒரே பெட்டியில் போய்வரும் பெண்கள் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் நாலரை மணிச் சுண்டலைப் பற்றிப் பேசிப் பாருங்கள். திங்கள்கிழமை எடையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் மாமியாரோ மற்றவர்களோ "இளைத்துப்போனாயே, நோயா?" என்று கேட்டால் விளக்கம் சொல்லிக் களைத்துப்போக வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று என்னைக் காட்டிவிடுங்கள்.

குடம்புளியை மீன்குழம்பில் போடுங்கள். மாத்திரையாக விழுங்க வேண்டாம். 1998-ல் 135 பேரிடம் 12 வாரம் நடத்திய சோதனையில், அந்தச் சாறு வெறும் மாவு மாத்திரையைவிட ஒரு கிராம்கூட அதிகப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. அது கலந்த மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

ஊசியின் கதை வேறு. செமாகுளுடைட், டிர்செபடைட் இரண்டும் உண்மையாகவே வேலை செய்யும் மருந்துகள். எடைக் குறைப்புக்காக 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஆனால் செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆகவே சில மாதம் போட்டுக்கொண்டு விட்டுவிடலாம் என்று தொடங்கக் கூடாது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உங்கள் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) இப்போது சுமார் 30.8, 25-க்கு மேலே இருந்தாலே உடற்பருமன் என்று நம் நாட்டில் கொள்கிறோம். ஆறு மாதம் மேலே சொன்னபடி செய்தும் பலன் இல்லையென்றால் ஊசியைப் பற்றி ஒரு மருத்துவரோடு பேசுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி, ஹீமோகுளோபின், ஈரல், சிறுநீரகம், கொழுப்பு. ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் வீட்டில் இரவுத் தூக்கம் உடைந்துகொண்டிருந்தால் பசி நிச்சயம் கூடும். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இரவு முறை வைத்து எழுந்துகொள்ளட்டும், நீங்கள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டும். குறட்டை பலமாக இருந்து பகலில் ரயிலிலேயே கண் அசந்துபோகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த ஆஸ்துமா மருந்தோ, மூட்டுவலி மாத்திரையோ, மனநோய்க்கான மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்; அவற்றில் சில எடையை ஏற்றக்கூடியவை, நீங்களாக நிறுத்தாமல் மாற்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.